முதற்பூச்சின் சரித்திரம்

புதிதாக வாங்கிய லாரியின் அடியில் குனிந்து பார்க்கிறவர்கள், ஒரு மாதம்கூட ஓடாத அந்த வண்டியின் பிரேக் டிரம்களிலும் போல்ட்டுத் தலைகளிலும் புகைக்குழாய் இணைப்புகளிலும் செம்பழுப்பு நிறம் படர்ந்திருக்கக் கண்டு, பழைய சரக்கைப் புதியதென்று தள்ளிவிட்டார்களோ என்று சந்தேகம் கொள்வது இயல்பே. அந்தச் சந்தேகத்துக்குப் பெரும்பாலும் ஆதாரம் இருப்பதில்லை. பூமியில் ஆக்ஸிஜனோடு கூடிய தாதுவாகக் கிடந்த இரும்பை உலையின் உஷ்ணத்தால் பலவந்தமாகப் பிரித்தெடுத்திருக்கிறோம். காற்றும் ஈரமும் மேலே பட்ட கணம் முதல் அது தன் பூர்வ நிலைக்குத் திரும்பத் தொடங்கிவிடுகிறது. வண்டிக்கு வயது ஒரு நாளா, ஒரு வருஷமா என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது.

அப்படியானால் எல்லா அங்கங்களுக்கும் தொழிற்சாலையிலேயே பூச்சுப் பூசி அனுப்பிவிடலாமே என்று கேட்கலாம். பூசக் கூடாத இடங்களும் லாரியில் உண்டு. பிரேக் டிரம்மின் உட்புறம் உராய்வதற்கென்றே கடைந்து விடப்பட்டது. சக்கரம் வந்து பொருந்தும் முகத்தில் கனமான பெயின்ட் படலம் இருந்தால், பாரத்தோடு ஓடும்போது அது நசுங்கித் தேய்ந்து, இறுக்கிய நட்டுகளின் பிடி தளர்ந்துவிடும். புகைக்குழாயின் சூட்டில் சாதாரண வர்ணம் கருகி உதிர்ந்துபோகும். புரொப்பெல்லர் ஷாஃப்டில் முன்னும் பின்னும் சறுக்க வேண்டிய பல்வரிசைக்குக் கிரீஸைத் தவிர வேறு போர்வை கூடாது. ஆகவே புது வண்டியின் துரு என்பது ஒரு பகுதி தொழில் நியாயத்தாலும், ஒரு பகுதி செலவுக் கணக்காலும், மற்றொரு பகுதி கவனக் குறைவாலும் விளைவது. இவற்றுள் எது எது என்று பிரித்தறிவதற்கு, இந்த இரும்பை மனிதர்கள் எவ்வாறு காத்துவந்தார்கள் என்ற சரித்திரம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் லாரி நெடுங்காலம் முழு வண்டியாக விற்கப்பட்ட பொருளன்று. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் ஆரம்பித்து முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொடுத்த ஸ்தாபனம், சில வருஷங்களுக்குள் எண்ணூரில் லேலண்டு சேசிஸ்களைப் பூட்டத் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறியது. 1954-ல் டாடா ஸ்தாபனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி உற்பத்தியைத் தொடங்கியது. இவ்விடங்களிலிருந்து வெளிவந்தவை இன்ஜினும், அச்சுகளும், சக்கரங்களும், இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களும், முன்புறத்தில் ஒரு முகப்புத் தகடும் மட்டுமே கொண்ட வெற்றுச் சேசிஸ்கள். கூரையும் கதவும் இல்லாத தற்காலிக ஆசனத்தில், தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுநர்கள் அவற்றைக் கொண்டுபோகும் காட்சியை நம் நெடுஞ்சாலைகளில் கண்டிராதவர் இல்லை. அவற்றுக்கு உடல் கொடுத்தவர்கள் நாமக்கல், திருச்செங்கோடு முதலிய ஊர்களின் பாடி கட்டும் பட்டறைக்காரர்கள். பஸ் பாடிக்குக் கரூர் பேர்பெற்றது.

எண்ணூர் என்பது ஒரு புறம் வங்கக் கடலும் மறுபுறம் கொசஸ்தலையாற்றின் கழிமுகமும் சூழ்ந்த இடம். அங்கே உப்புக் காற்றில் நின்ற சேசிஸ், 350 கிலோமீட்டருக்கு மேல் திறந்தபடி ஓடி, சேற்றையும் தண்ணீரையும் வாரி அப்பிக்கொண்டு நாமக்கல்லை அடைந்த பிறகு, உடையவர் மரம் வாங்கவோ பணம் புரட்டவோ தாமதித்தால், பட்டறை வாசலில் வானமே கூரையாகக் காத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வந்து சேர்ந்த சேசிஸின் கதி என்னவாகியிருக்கும் என்று விவரிக்க வேண்டுவதில்லை. ஆகையால் லாரியின் ஆயுளில் முதல் துருவைச் சந்தித்தவர் உடையவருமல்லர், ஓட்டுநருமல்லர். பட்டறையில் கம்பிப் பிரஷும் உப்புத்தாளும் ஏந்திய பெயின்ட்டரே. தச்சரின் கைத்திறனையும், பக்கப் பலகையில் பூவும் பறவையும் தீட்டிய ஓவியரின் திறமையையும் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். வர்ணத்துக்கு அடியில் மறைந்துபோகும் வேலையைச் செய்தவரை ஒருவரும் நினைத்ததில்லை என்பது என் மனத்தை உறுத்தும் விஷயம்; அவர் வேலைமேல்தான் மற்றவர்களின் வேலையெல்லாம் நின்றது.

அவர் எதிர்த்துப் போராடிய சத்துருவின் சுபாவத்தை விஞ்ஞானிகள் தெளிவாக அறிந்துகொண்டது இருபதாம் நூற்றாண்டில்தான். இங்கிலாந்தில் வெர்னன் என்பவர் 1920-களிலும் 30-களிலும் செய்த பரீட்சைகளால், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது, அதிலும் காற்றில் புகையின் மாசு கலந்திருந்தால், இரும்பு துருப்பிடிக்கும் வேகம் திடீரென்று உயர்கிறது என்று புலனாயிற்று. நம் கடற்கரை ஊர்களில் இந்த எல்லைக்குக் கீழே ஈரப்பதம் இறங்கும் வேளை சொற்பமே. கேம்பிரிட்ஜில் ஈவான்ஸ் என்பவர் பளபளப்பான இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்பு நீரை விட்டுப் பார்த்தார். காற்று தாராளமாகப் படும் துளியின் ஓரம் அரிக்கப்படாமல், காற்று எட்டாத அதன் நடுப்பகுதியே அரிக்கப்பட்டது. இரும்பு மின்சார இயக்கத்தால் கரைகிறது என்பதும், பிராணவாயு குறைந்த இடமே அதில் பலியாகிறது என்பதும் அந்தச் சிறு பரீட்சையின் பொருள். சேறு அப்பிய மூலைகளிலும், இரண்டு தகடுகள் ஒன்றையொன்று தழுவும் இடுக்குகளிலும் லாரி முதலில் ஓட்டையாவதன் காரணம் இதுவே. வெளியில் பரவலாகத் தெரியும் மெல்லிய சிவப்பு, கண்ணுக்கு அருவருப்பாயினும், அவ்வளவு அபாயமானதன்று.

பூச்சுத் தொழிலின் பழைய ஏடுகளைப் புரட்டினால், உருட்டாலைச் செதிள் என்ற ஒன்றோடு தொழிலாளர்கள் நடத்திய நீண்ட யுத்தம் தெரியவரும். காய்ச்சி உருட்டிய எஃகின்மேல் நீலக் கறுப்பாக ஒரு தோல் படிகிறது. பார்ப்பதற்கு அது இயற்கையே தந்த கவசம் போலத் தோன்றும்; ஆனால் அதில் நுட்பமான வெடிப்புகள் உண்டு. அவற்றின் வழியே ஈரம் புகுந்தால், செதிளின்மேல் எவ்வளவு நல்ல வர்ணம் பூசியிருந்தாலும், அது செதிளோடு சேர்ந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். இதைக் கண்ட பழைய பொறியாளர்கள் ஒரு விசித்திரமான உபாயத்தைக் கையாண்டார்கள். எஃகுச் சட்டங்களை மாதக்கணக்கில் வெட்டவெளியில் போட்டு, வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, துரு செதிளைத் தளர்த்தியபின் கம்பிப் பிரஷால் இரண்டையும் தேய்த்தெடுத்துவிட்டு வர்ணம் பூசினார்கள். பின்னாளில் அமிலக் குளியலும், எஃகுக் குண்டுமணிகளை வேகமாக வீசித் தோலுரிக்கும் முறையும் வந்து இந்தக் காத்திருப்பை ஒழித்தன. ஆயினும் அந்தப் பழைய வழக்கம் ஓர் உண்மையைக் கைவசப்படுத்தியிருந்தது: பூச்சின் ஆயுளைப் பூசும் பொருளைவிட, பூசப்படும் மேனியே அதிகம் தீர்மானிக்கிறது.

அந்த மேனியின்மேல் முதலில் ஏறியது, ஈயத்தைச் சுட்டு எடுக்கும் ஈயச் சிந்தூரம். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த இந்த ஆரஞ்சு நிறப் பூச்சு ஈரத்தைத் தடுக்கும் திரையாக மட்டும் நிற்பதில்லை. எண்ணெயோடு சேர்ந்து இரும்பின் கரைவையே மந்தப்படுத்தும் பொருள்களை உண்டாக்குகிறது. கப்பல்களும் பாலங்களும் தலைமுறை தலைமுறையாக அதை நம்பின. 1937-ல் திறக்கப்பட்ட சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கோல்டன் கேட் பாலத்துக்கும் அதுவே முதற்பூச்சு. ஆனால் ஈயம் விஷம். சுரண்டும்போது பறக்கும் தூள் தொழிலாளியின் ரத்தத்தில் கலக்கிறது. அப்பாலத்திலும் துரு முற்றவே, 1965 முதல் 1995 வரை முப்பது வருஷ வேலையாக ஈயப் பூச்சை அகற்றித் துத்தநாகப் பூச்சு ஏற்றினார்கள். நம் பட்டறைகளில் ஈயத்தின் இடத்தைப் பிடித்தது ரெட் ஆக்சைடு. ரசாயன ரீதியாகப் பார்த்தால் அதன் செந்நிறப் பொடி துருவுக்கு நெருங்கிய பந்துவே. அந்தப் பொடிக்குத் துருவைத் தடுக்கும் தனிச் சக்தி ஏதும் கிடையாது. கெட்டியான திரையாக நிற்பது ஒன்றே அதன் குணம். அந்தக் குறையைத் தீர்க்கவே துத்தநாகக் குரோமேட்டைச் சேர்த்தார்கள். அதுவும் புற்றுநோய்க்கு ஏதுவென்று பின்னர் தெரிந்தது. விலை மலிவென்பதற்காக வெறும் ரெட் ஆக்சைடை, தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் துடைக்காத சட்டத்தின்மேல் ஒரே கையாகத் தேய்த்துவிட்டு, அதன்மேல் கறுப்பு அடித்து மறைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியதை நான் குற்றமென்றே சொல்வேன்.

மேல்நாட்டில் இதற்கு முன்பே வேறொரு பாதை பிறந்திருந்தது. 1906-ல் இங்கிலாந்தில் காஸ்லெட் என்பவர், சூடான பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் இரும்பை முக்கி, அதன் மேற்பரப்பையே கரையாத பாஸ்பேட்டாக மாற்றும் முறைக்கு உரிமை பெற்றார். 1915-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பார்க்கர் குடும்பத்தார் அதைத் தொழிலாக வளர்த்தார்கள்; ஆரம்பத்தில் மணிக்கணக்கில் நடந்த காரியம் பிறகு நிமிஷக்கணக்கில் முடியலாயிற்று. இந்தப் பாஸ்பேட் தோல் தனித்து நின்றால் பலவீனமானது. வர்ணத்தைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிய படிகங்கள் அதில் இருப்பதே அதன் பெருமை. இன்று கடைகளில் துருவை மாற்றும் திரவமென்று விற்கப்படும் புட்டிகளில் பலவற்றுள்ளும் அதே பாஸ்பாரிக் அமிலம்தான் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் ஃபோர்டு மோட்டார் ஸ்தாபனத்தில் ப்ரூவர் என்பவரின் முயற்சியால், வர்ணத் தொட்டியில் வண்டியின் கூட்டை முழுக்கி மின்சாரத்தால் வர்ணத்தைப் படியவைக்கும் முறை வந்தது. பிரஷ் எட்டாத பொந்துகளுக்குள்ளும் அது புகுந்தது. இப்போது தொழிற்சாலையிலிருந்து வரும் லாரிக் கேபின்கள் நெடுநாள் உழைப்பதற்கு இவ்விரு முறைகளுமே காரணம்.

நம்மவர்களும் இந்த விஷயத்தில் சும்மா இருந்துவிடவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் நன்கொடையாகக் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம், அரிமானத்தை ஆராய்வதைத் தன் பிரதான காரியங்களுள் ஒன்றாகக் கொண்டது. மண்டபம் கடற்கரையில், உப்புக் காற்றின் முழுத் தாக்குதலில், உலோகங்களையும் பூச்சுகளையும் நிறுத்திவைத்துப் பரிசோதிக்கும் நிலையம் ஒன்றையும் அது நடத்திவருகிறது.

லாரிக்காரர்களின் சொந்த வழக்கங்களுள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோகுமுன் வண்டி முழுவதையும் கழுவி வர்ணம் பூசுவது ஒன்று. அதிகாரியின் கண்ணுக்காகச் செய்யப்பட்டதாயினும், அடிச்சட்டத்தை ஒருமுறையாவது மனிதக் கை தொட்டுப் பார்ப்பதற்கு அது வழி வகுத்தது. வாட்டர் சர்வீஸுக்குப் பிறகு பழைய இன்ஜின் ஆயிலை அடியில் தெளிப்பது மற்றொன்று. எண்ணெய் ஈரத்தை விலக்குவது மெய்யே. ஆனால் ஓடித் தேய்ந்த ஆயிலில் அமிலங்கள் சேர்ந்திருக்கும். அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். தூசைப் பிடித்துச் சகதிப் போர்வையாக்கும். மழையில் கரைந்து மண்ணையும் கிணற்றையும் சேரும். பிரேக் லைனிங்கில் பட்டுவிட்டாலோ உயிருக்கே ஆபத்து. இந்த வழக்கத்தை விட்டு, இதற்கென்றே தயாரிக்கும் மெழுகுப் பூச்சை மேற்கொள்வதே விவேகம்.

வெற்றுச் சேசிஸை இன்றும் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு, பிரேக் டிரம்மின் சிவப்பைக் குறித்துக் கவலை வேண்டியதில்லை. உட்புறத்துச் சிவப்பு நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். பார்க்க வேண்டியது, சேசிஸ் சட்டத்தின் மேல்முகத்தை. அதன்மேல் மரச்சட்டமோ ரப்பர் பட்டையோ வைத்து, அதன்மேல் பாடியை ஏற்றி, யூ போல்ட்டுகளால் இறுக்கிவிடுகிறார்கள். மழைநீரைக் குடித்த மரம் நாள்கணக்கில் அந்த ஈரத்தை இரும்போடு சேர்த்தே வைத்திருக்கும். காற்றுப் புகாத அந்த இடுக்கு, ஈவான்ஸின் துளி நடுவைப் போன்றதே. அந்த மேல்முகத்தைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, பிசுக்குப் போகத் துடைத்து, துளையிட்ட இடங்களின் விளிம்புகளுக்கும் வெல்டிங் பட்ட இடங்களுக்கும் தனியே பிரஷ் வைத்து, துத்தநாகம் கலந்த முதற்பூச்சை இரண்டு கை கொடுத்து, ஒவ்வொரு கையும் நன்றாக உலர்ந்தபின் பாடியை ஏற்றச் சொல்ல வேண்டும். அவசரப்படும் பட்டறைக்காரரிடம் இதற்காக இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குவதில் உடையவர் கூச்சப்பட வேண்டியதில்லை. பாடி இறுகிவிட்ட பிறகு அதை மறுபடி கழற்றுகிற நாள்வரை அந்த முகத்தில் எந்தப் பிரஷும் நுழையாது.