குதித்தாலும் கோணாத சக்கரம்: ஒரு சிறு வரலாறு

மலைச் சைக்கிளுக்குச் சக்கரம் வாங்கப் போகும் பிள்ளைகளுக்காகவும், அதற்குப் பணம் கொடுக்கப் போகும் பெற்றோருக்காகவும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கரடுமுரடான பாதையில் வேகமாக இறங்கி, மேட்டிலிருந்து பறந்து, தரையில் வந்து விழும் சைக்கிளில் முதல் அடி சக்கரத்துக்குத்தான். வீட்டுக்கு வந்த பிறகு கோணினால் பணம் போகும். பாதி இறக்கத்தில் மடங்கினால் தோள்பட்டை எலும்பு போகும். அதனால் எந்தச் சக்கரம் நல்லது என்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. விலை கூடக் கூடச் சக்கரம் பலம் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த விளையாட்டின் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. இதைத் தொடங்கியவர்கள் பழைய இரும்புக் கடையில் சைக்கிள் தேடிய இளைஞர்கள். அவர்கள் எதை உடைத்தார்கள், எதைக் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்தாலே நாம் எதை வாங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் சக்கரம் எப்படிப் பாரம் தாங்குகிறது என்று பார்ப்போம்.

மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இரண்டையும் சேர்க்கும் தடித்த ஆரக்கால்கள். வண்டியின் பாரம் அடியில் இருக்கும் ஆரக்காலை அழுத்திக்கொண்டு தரைக்குப் போகிறது. தூண் கூரையைத் தாங்குகிற மாதிரி. ஆரம்பகாலச் சைக்கிள்களும் இப்படிப்பட்ட மரச் சக்கரத்தில்தான் ஓடின.

1869இல் பாரிஸில் யூஜின் மேயர் என்பவர் மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டிய சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் கம்பிச் சக்கரம் பூட்டிய ஏரியல் சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். 1874இல் ஸ்டார்லி இன்னொரு படி மேலே போனார். ஹப்பிலிருந்து நேராக வெளியே போன கம்பிகளைச் சாய்த்து, ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்படி பின்னினார். மிதிக்கும் விசை ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போகச் சாய்ந்த கம்பிதான் வசதி. இன்றைய டிஸ்க் பிரேக் சைக்கிளிலும் இதே கதைதான். பிரேக் பிடிப்பது ஹப்பில், நிற்க வேண்டியது டயர். அந்த விசையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது குறுக்குக் கம்பி.

சரி, இரண்டு மி.மீ. தடிமன் கம்பியை மேலிருந்து அழுத்தினால் வளைந்துவிடுமே, அது எப்படி ஆளைத் தாங்குகிறது? இதை 1981இல் ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் ‘தி பைசிகிள் வீல்’ என்ற நூலில் கணக்குப் போட்டு விளக்கினார். சக்கரம் கட்டும்போதே எல்லாக் கம்பிகளையும் இழுத்து முறுக்கி வைக்கிறோம். நல்ல சக்கரத்தில் ஒரு கம்பியின் இழுவிசை 100 கிலோவை ஒட்டி இருக்கும். நாம் ஏறி உட்கார்ந்ததும் அடியில் இருக்கும் சில கம்பிகளின் இழுவிசை மட்டும் குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. அடிக்கம்பிகளில் அப்படிக் குறையும் அளவுதான் சக்கரம் தாங்கும் பாரம்.

இதில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. ஒன்று, குதித்து இறங்கும்போது அடிக்கம்பிகளின் இழுவிசை முழுக்கத் தீர்ந்து அவை தொய்ந்துவிட்டால், அந்த நொடியில் ரிம்மைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. சைக்கிள் சற்றே சாய்வாக இறங்கினாலும் சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இரண்டு, கம்பி பெரும்பாலும் ஒரே அடியில் அறுவதில்லை. 29 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 430 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கம்பி தளர்ந்து மறுபடி இறுகுகிறது. சரியாக இறுக்காத கம்பி இப்படி ஆடி ஆடி, ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவில் களைத்துப்போய் அறுகிறது. ஆகவே சக்கரத்தின் பலத்தில் பெரும் பங்கு கட்டியவர் கையில் இருக்கிறது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம்.

1933இல், பெருமந்த காலத்தில், சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 26 அங்குலச் சக்கரத்தில் 2.125 அங்குலம் அகலமான பலூன் டயரை அறிமுகப்படுத்தியது. அதுவரை அங்கே மெல்லிய ஒற்றைக் குழாய் டயர்கள்தான் பெரும்பாலும் ஓடின. பலூன் டயருக்குள் தனியாக டியூப், அதைத் தாங்க அகலமான இரும்பு ரிம். இந்தக் கனமான சைக்கிள்களைச் சிறுவர்கள் ஓட்டினார்கள், செய்தித்தாள் போட்டார்கள், நடைபாதை விளிம்புகளில் ஏற்றி இறக்கினார்கள். அந்த ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ. பின்னாளில் மலைச் சைக்கிள் உலகத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது இதே அளவுதான்.

அடுத்த கட்டம் தெற்குக் கலிபோர்னியாவில். 1963இல் ஷ்வின் கொண்டுவந்த 20 அங்குல ஸ்டிங்ரே சைக்கிளை வைத்துக்கொண்டு, 1970களின் தொடக்கத்தில் பிள்ளைகள் மண் மேடுகளில் மோட்டார் சைக்கிள் பந்தயம் மாதிரி குதிக்க ஆரம்பித்தார்கள். அதுதான் பி.எம்.எக்ஸ். கம்பிகள் அறுந்தன, ரிம்கள் கோணின. ஸ்கிப் ஹெஸ் என்பவர் இதைக் கவனித்தார். 1970களின் நடுவில் கம்பியே இல்லாமல் உலோகத்தை வார்த்து மோட்டோமேக் என்ற சக்கரத்தைச் செய்து விற்றார். அந்த நிறுவனம்தான் பிறகு மங்கூஸ் சைக்கிள்களைச் செய்தது. ஸ்கைவே நிறுவனம் கண்ணாடி இழை கலந்த நைலானில் டஃப் வீல் கொண்டுவந்தது. இவற்றுக்குக் கோட்டம் எடுக்கும் வேலையே இல்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் கனம் அதிகம். நல்ல அலுமினிய ரிம்கள் வந்ததும் பந்தயம் ஓட்டுபவர்கள் 36 கம்பிச் சக்கரத்துக்குத் திரும்பினார்கள். சாகசம் செய்பவர்களுக்காக 1980களில் 48 கம்பிச் சக்கரங்கள்கூட வந்தன. அடி கூடும்போது கம்பியைக் கூட்டு. இதைவிட மலிவான வழி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இது நமக்கும் புதிதல்ல. கேரியரில் மூட்டை ஏற்றிய நம் ஊர்ச் சைக்கிளின் பின் சக்கரத்தில் 40 கம்பி, முன் சக்கரத்தில் 32. பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து வந்த வழக்கம் இது. பாரம் எங்கே அதிகமோ அங்கே கம்பி அதிகம்.

இதே காலத்தில் வடக்குக் கலிபோர்னியாவில், டமால்பாய்ஸ் மலை அருகே, சில இளைஞர்கள் பழைய ஷ்வின் பலூன் டயர் சைக்கிள்களைச் சொற்ப விலைக்கு வாங்கி மலையிலிருந்து ஓட்டி இறங்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் அருகே முதல் ரீபேக் பந்தயம் நடந்தது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக், அந்த இறக்கத்தில் சூடேறி கிரீஸே புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் நிரப்ப வேண்டும். பந்தயத்தின் பெயரே அந்த வேலையிலிருந்து வந்ததுதான். சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் எல்லாரும் இங்கே உருவானவர்கள்.

இரும்பு ரிம் தாங்கியது. ஆனால் மேலே ஏற்ற முடியாத கனம். 1970களின் கடைசியில் அராயா, உகாய் போன்ற ஜப்பான் நிறுவனங்களின் 26 அங்குல அலுமினிய ரிம்கள் கிடைக்க ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. இறங்க மட்டும் பயன்பட்ட சைக்கிளில் மலை ஏறவும் முடிந்தது.

1980களின் நடுவில் சாண்டா குரூஸ் நகரின் கீத் பான்ட்ரேகர் செய்ததை நான் மிகவும் ரசிப்பேன். நல்ல, எடை குறைந்த 26 அங்குல ரிம் அவருக்கு அகப்படவில்லை. சாலைப் பந்தயச் சைக்கிளுக்கான மாவிக் ரிம்மை எடுத்தார். அதில் 36 துளை. நான்கு துளை உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சிறிய வட்டமாக உருட்டி இணைத்தார். கிடைத்தது 32 துளை ரிம். கணக்கு போட்டுப் பாருங்கள்: 36இல் 32 என்பது ஒன்பதில் எட்டு பங்கு. 622 மி.மீ. ரிம்மில் எட்டு பங்கு 553. தேவை 559. கிட்டத்தட்ட சரியாக வந்துவிடுகிறது! சைக்கிள் உலகம் இன்றும் அவர் பெயரில் சொல்லும் ஒரு கருத்து உண்டு: பலம், எடைக்குறைவு, விலைக்குறைவு மூன்றில் ஏதாவது இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். நம் கேள்விக்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. பலமும் வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்றால் எடையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

விட்டுக்கொடுத்தவர்கள் ஜெயித்தும் காட்டினார்கள். 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் உலக மலைச் சைக்கிள் போட்டி நடந்தது. 2001இல் யூட்டா மாநிலத்தின் வெர்ஜின் என்ற ஊரில், செங்குத்தான பாறைகளிலிருந்து குதிக்கும் ரெட் புல் ராம்பேஜ் தொடங்கியது. அந்தக் காலத்தில் கடுமையாக ஓட்டியவர்கள் விரும்பியது அகலமான, கனமான அலுமினிய ரிம்கள். இண்டியானாவின் சன் நிறுவனம் செய்த ரைனோ லைட் ரிம் பெயரில்தான் லேசு. ஆனால் விலை குறைவு, அடி தாங்கும் என்று பல ஆண்டுகள் பேர் வாங்கியது. டிஸ்க் பிரேக் பரவியதும் இன்னொரு நன்மை. ரிம் தேய்வது நின்றது, லேசாகக் கோணினாலும் பிரேக் உரசாமல் வீடு வந்து சேர முடிந்தது.

பிறகு 29 அங்குலச் சக்கரம் பரவியது. பெரிய சக்கரம் கல்லைத் தாண்டி உருளும், ஆனால் கம்பி நீளம், பக்கவாட்டில் தொய்வு. இதைச் சரிசெய்யப் பின் ஹப்பின் அகலத்தை 142இலிருந்து 148 மி.மீ. ஆக்கி, கம்பிகளை இன்னும் விரித்துக் கட்டினார்கள். மண் மேட்டில் குதிப்பதற்கென்றே செய்யும் சைக்கிள்கள் இன்றும் 26 அங்குலத்தை விடவில்லை. சின்னச் சக்கரம் இயல்பிலேயே உறுதியானது.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடங்கள்:

1. அலுமினிய ரிம் போதும். இரட்டைச் சுவர் உள்ளதாக, உள் அகலம் 25 முதல் 30 மி.மீ. வரை இருக்கட்டும். அலுமினியம் அடி பட்டால் பெரும்பாலும் நெளியும், நிமிர்த்தப் பார்க்கலாம். கார்பன் ரிம் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும்.

2. கம்பி 32க்குக் குறைய வேண்டாம். 28 கம்பிச் சக்கரத்தின் எடைக்குறைவு குதிப்பவருக்குத் தேவையில்லை.

3. நடுவில் மெலிந்து இரு முனையும் தடித்த எஃகுக் கம்பி நல்லது. நடுப்பகுதி சற்று நீண்டு கொடுப்பதால் வளைவில் களைப்பு குறையும். நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். அலுமினிய நிப்பிளைவிட அது நீடித்து உழைக்கும்.

4. எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண வளைவுக் கம்பி பொருந்தும் ஹப்பை வாங்குங்கள். சிறப்புக் கம்பி அறுந்தால் சைக்கிள் வாரக்கணக்கில் மூலையில் நிற்கும். வாங்குமுன் ஹப் அகலமும் அச்சின் அளவும் உங்கள் பிரேமுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

5. பணம் குறைவு என்றால் பின் சக்கரத்துக்கு முதலிடம். அதிக அடி அதற்குத்தான்.

6. அகலமான டயரும் சரியான காற்றும் ரிம்முக்கு முதல் கவசம். காற்று குறைந்தால் கல் நேராக ரிம்மில் அடிக்கும்.

7. மிக முக்கியமானது இது. இயந்திரம் கட்டிய மலிவான சக்கரத்தை வாங்கி, தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்து எல்லாக் கம்பியையும் சீராக இறுக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகளை வீணைத் தந்தி மாதிரி மீட்டிப் பாருங்கள். ஒரே சுருதி வந்தால் இறுக்கம் சீர். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அதுதான் நாளைக்குச் சிக்கல் செய்யும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

விலை உயர்ந்த சக்கரத்தில் நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி சில நூறு கிராம் எடையைக் குறைப்பதற்குப் போகிறது. பந்தயத்தில் நொடிகளை எண்ணுபவருக்கு அது நியாயம். குதித்துப் பழகும் பிள்ளைக்கு அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் வாங்கிக் கொடுங்கள். மீதியைக் கம்பி கட்டும் மெக்கானிக்குக் கூலியாகக் கொடுங்கள்.

உங்கள் ஊரில் சக்கரம் பின்னி, கோட்டம் எடுக்கத் தெரிந்த நல்ல கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். தேடும் பிள்ளைகளுக்கு உதவும்.