எடை அட்டையில் ஒரு புள்ளி: அங்கன்வாடி அளவுகோல் மாறிய கதை

போன பொங்கலுக்கு வீராம்பட்டினம் போயிருந்தப்ப, வீட்டுல பழைய டிரங்குப் பெட்டியைக் குடைஞ்சதுல அக்கா மகளோட அங்கன்வாடி எடை அட்டை கிடைச்சது. 2005-ஆம் வருஷத்து அட்டை. ரெண்டு வயசு முடிஞ்ச மாசத்துல ஒரு புள்ளி, பக்கத்துல 8 கிலோ, இரண்டாம் நிலை. "கொஞ்சம் எடை கம்மி, பயப்பட வேணாம்னு டீச்சர் சொன்னாங்க" என்றார் அக்கா.

சும்மா இருக்க முடியாம, இதே குழந்தை இன்னிக்கு வந்தா என்ன பதிவாகும்னு பார்த்தேன். பதில்: கடுமையான எடைக்குறைவு. குழந்தையும் அதேதான், தராசும் அதேதான். நடுவுல கோடு மட்டும் நகர்ந்திருக்கு. எப்படின்னு தேடப் போனதுல வந்ததுதான் இந்தக் குறிப்பு.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கியது. குழந்தைகளைத் தரம் பிரிக்க அது எடுத்துக்கொண்டது, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 1972-இல் வகுத்த முறை. ஹார்வர்டு ஆய்வில் அளக்கப்பட்ட அமெரிக்கக் குழந்தைகளின் நடு எடையை 100 என்று வைத்துக்கொள்வார்கள். 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சரி. 71 முதல் 80 வரை முதல் நிலை, 61 முதல் 70 வரை இரண்டாம் நிலை, அதற்கும் கீழே மூன்றும் நான்கும். ரெண்டு வயசுக்கு அந்த நடு எடை சுமார் 12.4 கிலோ. எங்க வீட்டுப் பொண்ணு 8 கிலோ, அதாவது 65 சதவீதம். இரண்டாம் நிலை, கணக்கு சரிதான்.

2006-இல் உலக சுகாதார நிறுவனம் புதிய வளர்ச்சித் தரத்தை வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய அட்டவணை 'குழந்தைகள் எப்படி வளர்ந்தார்கள்' என்று சொன்னது. புதியது 'எப்படி வளர வேண்டும்' என்று சொல்கிறது. சதவீதம் போய், நடு எடையிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் கீழே என்ற கணக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டை. 2008-இல் இந்தியா இதை அங்கன்வாடிக்குக் கொண்டுவந்தது: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று பட்டை. ரெண்டு வயசுப் பெண் குழந்தைக்கு ஆரஞ்சு 8.1 கிலோவுக்குக் கீழே தொடங்குகிறது. 8 கிலோ உள்ளே விழுந்துவிடும்.

இதே மாற்றம் இன்னொரு பக்கம் நேர் எதிராக வேலை செய்தது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2005-06) மூன்று வயதுக்குட்பட்டவர்களில் எடைக்குறைவானவர்கள் 46 சதவீதம் என்று முதலில் சொன்னது. அது வேறொரு அமெரிக்க அட்டவணையை வைத்துப் போட்ட கணக்கு. அதே குழந்தைகளை உலக சுகாதார நிறுவனத் தரத்தில் திரும்பக் கணக்கிட்டால் 40 சதவீதம். ஒரு வாய்ச் சோறு கூடுதலாகப் போடாமலே ஆறு சதவீதப் புள்ளி குறைந்துவிட்டது! அதனால, எடைக்குறைவு குறைஞ்சிடுச்சுன்னு யாராவது சொன்னா, 'எந்த அட்டவணைப்படி?' என்று முதலில் கேளுங்கள்.

கோடு நகர்வதில் என்ன இருக்கு என்கிறீர்களா? சோறு இருக்கு. 2005-இல் நடைமுறையில் இருந்த மத்திய அரசு விதிப்படி சாதாரணக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 300 கலோரி. மூன்று, நான்காம் நிலைக் குழந்தைக்கு 600. 2009-இல் இது 500, 800 என்று உயர்ந்தது. ஒரு புள்ளி கோட்டுக்கு மேலயா கீழயா என்பதுதான் தட்டில் விழும் அளவைத் தீர்மானிக்கிறது.

தமிழ்நாடு 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வேறு மாதிரி யோசித்தது. குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதோடு நிற்காமல், மாதாமாதம் எடை ஏறுகிறதா என்று பார்த்தார்கள். ஏறாமல் நின்றால் 90 நாள் கூடுதல் உணவு. ஒரு நாள் எடுத்த போட்டோவைவிட வீடியோ நிறையச் சொல்லும் இல்லையா, அந்த மாதிரி.

2018-இல் போஷன் அபியான் வந்தபோது குள்ளத்தன்மை, எடைக்குறைவு இரண்டையும் ஆண்டுக்கு 2 சதவீதப் புள்ளி குறைப்பது என்று இலக்கே வைத்தார்கள். 2021-இல் போஷன் டிராக்கர் செயலி வந்தது. அளவு இலக்காக மாறும் இடத்தில்தான் எனக்குப் பயம். என் தொழிலில் டாஷ்போர்டு பச்சையா இருந்தா உள்ளே என்ன நடக்குதுன்னு யாரும் திறந்து பார்க்க மாட்டோம். ஓர் அளவை வைத்து மேலிருந்து அழுத்தினால் அந்த அளவு நம்பகத்தன்மையை இழக்கும் என்பது பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் கருத்து. அவர் அதை எழுதியது 1975-இல். அங்கன்வாடி பிறந்த அதே வருஷம்!

இங்கிலாந்திலும் இதைப் பார்த்தார்கள். உள்ளாட்சிகளுக்கு 2008-இல் 198 தேசியக் குறியீடுகள் வைத்தார்கள், முதியோர் பராமரிப்பு உட்பட. 2010-இல் ஆட்சி மாறியதும் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே அந்த எண்ணுக்குப் பதில் சொல்ல, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி மன்றம் ஒன்று இருந்தது.

நம்ம ஊர்? அரசியல் சட்டத்தின் 11-ஆம் அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்கான 29 துறைகளில் பெண்கள், குழந்தைகள் மேம்பாடும் ஒன்று. ஆனால் புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல்தான். நடுவே 38 வருஷம். அரியாங்குப்பம் கொம்யூன் என்ற பெயர் இருந்தது, கேள்வி கேட்கும் உறுப்பினர் இல்லை. 2005-இல் அட்டையில் புள்ளி வைத்தபோதும் அதே நிலைமைதான். எண் மேலே போகும். தெருவுக்குத் திரும்பி வராது.

அக்கா மகள் இப்ப வேலைக்குப் போறா, நல்லாத்தான் இருக்கா. அட்டையை அவகிட்ட காட்டினேன். "அப்ப எனக்கு 300 கலோரி பாக்கி இருக்கா மாமா?" என்று சிரிச்சா. எனக்குச் சட்டென்று சிரிப்பு வரல. அந்த வருஷம் அதே தராசில் ஏறி, எங்க வீட்டு மாதிரி சமாளிக்க முடியாத வீட்டுக்குத் திரும்பிப் போன பிள்ளைகளும் இருந்திருப்பாங்க இல்லையா?