மாணவர் பிழையும் அறிஞர் புகழும்

மாணவன் எழுதிய கட்டுரையில் ஆசிரியர் கண் முதலில் நாடுவது பிழையையே. கண்டதும் சிவப்பு மையால் கோடிடுவதும் மதிப்பெண்ணைக் குறைப்பதும் நெடுநாளைய வழக்கம். அப்பிழையைக் குற்றமாகக் கொள்ளாது, கல்வி நிகழ்வதற்குரிய சான்றாகக் கொள்ளல் வேண்டும் என்று 1967 ஆம் ஆண்டில் ஓர் அறிஞர் எழுதினார். அக்கட்டுரை பத்தே பக்கம் கொண்டது. ஆயினும், மொழி கற்பித்தலைப் பற்றிய ஆராய்ச்சியின் போக்கையே அது மாற்றிவிட்டது.

அவ்வறிஞர் பிட் கார்டர் என்பார். 1918 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த இவர், பிரிட்டிஷ் கவுன்சிலின் சார்பில் துருக்கி, கொலம்பியா முதலிய நாடுகளில் பணியாற்றியவர். பின்னர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயன்முறை மொழியியல் துறையை நடத்தினார். 1967 இல் தோன்றிய பிரிட்டிஷ் பயன்முறை மொழியியற் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே.

அவருக்கு முன்னர் நிலவிய கருத்து வேறு. மொழி என்பது பழக்கம். பிழை என்பது தீய பழக்கம் என்றனர். தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டால் எங்கே இடர்ப்பாடு நேரும் என முன்கூட்டியே உரைக்கலாம் என்று 1957 இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் லாடோ தம் நூலில் விளக்கினார்.

கார்டர் மாணவனின் பக்கம் நின்று நோக்கினார். ஆங்கிலத்தில் 'கோ' என்னும் வினைக்கு இறந்தகாலச் சொல் 'வெண்ட்' என்பதாகும். மாணவன் ஒருவன் அதை எழுதாமல், 'கோ' என்பதோடு 'எட்' விகுதியை ஒட்டி எழுதுகிறான் எனக் கொள்வோம். அச்சொல்லை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. பிற வினைகளில் கண்ட விதியைத் தானே உய்த்துணர்ந்து இங்கும் செலுத்தியிருக்கிறான். ஆங்கிலக் குழந்தையும் தன் தாய்மொழியை இவ்வாறே கற்கிறது. களைப்பாலும் மறதியாலும் நேரும் சறுக்கல் வேறு. விதி பற்றி வரும் பிழை வேறு. முன்னதற்குப் பொருளில்லை, பின்னதோ மாணவன் கற்றிருக்கும் எல்லையைக் காட்டும். ஆசிரியர் கொடுப்பதெல்லாம் மாணவன் கொள்வதாகாது என்பதும் கார்டரின் துணிபு.

பிழையால் பயன் பெறுவோர் மூவர் என்றார் அவர். மாணவன் எவ்வளவு தூரம் வந்துள்ளான் என ஆசிரியர் அறிகிறார். மொழி எவ்வாறு கற்கப்படுகிறது என ஆய்வாளர் அறிகிறார். தான் ஊகித்த விதி சரியா என மாணவனும் அறிகிறான். இவ்வழியே சென்ற லாரி செலிங்கர், 1972 இல் 'இடைமொழி' என்னும் கொள்கையை வகுத்தார். கார்டரின் கட்டுரைகள் 1981 இல் நூலாகத் தொகுக்கப்பெற்றன. 1990 இல் அவர் மறைந்தார்.

ஓர் அறிஞரின் செல்வாக்கை இன்று எண்ணால் அளக்கின்றனர். ஒருவர் எழுத்தைப் பிறர் எத்துணை முறை மேற்கோளாகக் காட்டினர் என்று கணக்கிடும் அட்டவணையை, அமெரிக்கரான யூஜீன் கார்பீல்டு 1964 இல் இயற்கை அறிவியலுக்கென வெளியிட்டார். சமூக அறிவியலுக்குரியது 1973 இல் வந்தது. கார்டரின் கட்டுரை இன்று ஆயிரக்கணக்கான ஆய்வுகளில் மேற்கோளாகியுள்ளது.

ஆனால், எண் எதனைச் சொல்லும்? ஏற்பாரும் மறுப்பாரும் மேற்கோள் கணக்கில் ஒன்றே. பிழைகளை மட்டும் எண்ணும் ஆய்வுமுறை போதாது என 1974 இல் ஜாக்குலின் ஷாக்டர் என்னும் அம்மையார் காட்டினார். ஆங்கிலம் பயின்ற சீன, ஜப்பானிய மாணவரிடம் ஒருவகைத் தொடரில் பிழை குறைவாக இருந்தது. பாரசீக, அரபு மாணவரிடம் மிகுதியாக இருந்தது. காரணம் யாதெனின், முன்னவர் கடினமெனக் கருதி அத்தொடரை எழுதாமலே தவிர்த்தனர். பின்னவர் துணிந்து எழுதினர். பிழை குறைந்ததால் கல்வி மிகுந்தது என்று ஆகாது.

மாணவர் பிழைக்குப் பொருந்தும் இவ்வுண்மை அறிஞர் மேற்கோளுக்கும் பொருந்தும். எண் உண்டானால் அதன் காரணம் வினவப்படல் வேண்டும். எண் இல்லையாயின் பயனும் இல்லை என முடிவு கட்டலாகாது. கார்டர் கூறிய மூவருள் ஆய்வாளர் ஒருவரே அடிக்குறிப்பு எழுதுபவர். ஆகவே, அட்டவணை எண்ணுவது அவர் ஒருவரையே. சிவப்பு மைப் பேனாவைச் சற்றே நிறுத்தி, 'இவன் ஏன் இவ்வாறு எழுதினான்?' எனத் தம்மையே வினவும் ஆசிரியர், கார்டர் என்ற பெயரைக் கேட்டிராதவராகவும் இருக்கலாம். அவர் அன்று மாணவனை ஏசாமல் அருகழைத்து விதியை விளக்குவாராயின், அது எக்கணக்கிலும் ஏறாது. அம்மாணவன் மட்டும் மறுநாளும் அஞ்சாது எழுதுவான்.