தேடல் பெட்டிக்குள் மாட்டு நோய்

மாட்டின் உடம்பில் கட்டி கண்டால் இன்று பலர் முதலில் கைபேசியில் தேடுகிறார்கள். அந்தத் தேடல்களைத் திரட்டி, நோய் எந்தத் திசையில் நகர்கிறது என்று கல்லூரி மாணவர்கள்கூடத் துப்புத் துலக்க முடிகிறது. இந்தத் துப்பறியும் கலை கணினிக்கு முந்தியது. அதன் பழைய கதைகளில் ஒன்று மாட்டுக் கொட்டிலில்தான் நடந்தது.

1865இல் கால்நடைக் கப்பலோடு வெக்கை நோய் இங்கிலாந்தில் இறங்கியது. மந்தைகள் சரிந்தன, நாடே நடுங்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் 'டெய்லி நியூஸ்' இதழுக்குக் கடிதம் எழுதினார்: நோய்ப்பட்ட மாடுகள் பெருகுகின்றன, ஆனால் பெருகும் வேகம் தளர்கிறது, நோய் சீக்கிரமே அடங்கும். மருத்துவ ஏடு ஒன்று அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டே நோய் தணிந்தது. நோய்ப்பட்ட மாடுகளைக் கொல்லும் சட்டமும் கைகொடுத்தது.

அடுத்த தாவல் கனடாவுக்கு, 2004 குளிர்காலத்துக்கு. கூகுளின் தேடல் கணக்கு அப்போது வெளியாருக்குக் கிடைக்காது. டொராண்டோ ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக் வியாபாரிகளின் வழியைப் பிடித்தார். ஃப்ளூ பற்றித் தேடுவோர் கண்ணில் படும்படி கூகுளில் விளம்பரம் வாங்கி, அதைச் சொடுக்கியவர்களை எண்ணினார். அடுத்த வாரக் காய்ச்சல் கணக்கோடு அது நெருங்கி ஒத்துப்போனது. எவ்வளவு அழகான குறுக்குவழி!

2008இல் கூகுளே 'ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்' என்று கடை விரித்தது. ஃப்ளூ பரவலைக் கணிக்க 5 கோடி தேடல் சொற்றொடர்களைச் சலித்து 45ஐப் பொறுக்கினார்கள். பள்ளிக் கூடைப்பந்து பற்றிய தேடல்களும் சல்லடையில் தங்கின. அமெரிக்காவில் ஃப்ளூவுக்கும் அந்த ஆட்டத்துக்கும் ஒரே பருவம். அவற்றை நீக்கியும் 2012-13இல் கணிப்பு உண்மைக் கணக்கைப்போல் ஏறக்குறைய இருமடங்காக எகிறியது. 2015இல் கடை மூடப்பட்டது.

யாரும் பயன்படுத்தக்கூடிய 'கூகுள் ட்ரெண்ட்ஸ்' மட்டும் நிலைத்தது. மாட்டின் உடம்பில் கட்டி எழுப்பும் தோல் கழலை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் ஜாம்பியாவில் தென்பட்டு, 1988இல் எகிப்தையும் 2019இல் ஒடிசாவையும் எட்டி, 2022இல் ராஜஸ்தானை உலுக்கியது. மாணவர் ஒருவர் ட்ரெண்ட்ஸில் நோயின் பெயரைத் தட்டி ராஜஸ்தானைத் தேர்ந்தால் 0 முதல் 100 வரை ஒரு கோடு வரும். 100 என்பது ஆள் கணக்கு அல்ல. அந்தக் காலத்தில் தேடல் உச்சம் தொட்ட புள்ளி. ஜெய்ப்பூரில் பால் வாங்குபவர் பயந்து தேடினாலும் கோடு ஏறும். பார்மேரில் மாட்டைப் பறிகொடுத்தவர் தேடாமலே இருந்திருக்கலாம். அதனால் பால் பற்றிய கேள்விகளைத் தனியாகவும், கட்டி, காய்ச்சல், மருந்து பற்றியவற்றைத் தனியாகவும் பிரித்து, உள்ளூர்ப் பெயர்களையும் சேர்த்து, கால்நடைத் துறையின் வாரக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.