உப்பு வரி முதல் கம்பெனி வரி வரை: கடைசியில் யார் தலையில்?

இந்த எபிசோடோட கேள்வி ரொம்பச் சின்னது. ஒரு கம்பெனியோட லாபத்து மேல அரசு வருமான வரி போட்டா, அதைக் கடைசியில் கட்டுறது யாரு?

இதுக்கு டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரைக்கும் ஒரு ரெடிமேட் பதில் இருக்கு: "கம்பெனி எங்கங்க கட்டுது? விலையில ஏத்தி நம்ம தலையிலதான் கட்டும்." கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பதிலைப் பிடிச்சுக்கிட்டா அடுத்த வாதமும் தானா வந்துடும்: "அப்போ கம்பெனிக்கு வரியைக் குறைச்சா மக்களுக்குத்தானே லாபம்?" அதனால இதை நிதானமா பார்க்கணும். அதுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தோட 200 வருஷ வரலாறு நல்லாவே உதவும்.

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகிற ரோட்டில் உப்பளங்களைப் பார்த்திருப்பீங்க. தெற்கே செய்யூர் பக்கமும் உண்டு. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்தில் உப்பைத் தன்னோட ஏகபோகமாக்கியது. உப்பு விளைவிக்கிறவர் சர்க்காருக்கு மட்டும்தான் கொடுக்கணும். அதுவும் சர்க்கார் சொல்ற விலைக்கு. ஊரெல்லாம் வாங்குற விலையையும் சர்க்காரே வைக்கும். இரண்டு விலைக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் நடைமுறையில் வரி.

இது யார் தலையில் விழுந்ததுன்னு தெரிஞ்சுக்க 1877ஐப் பார்த்தா போதும். தாது வருஷப் பஞ்சம் மதராஸ் மாகாணத்தையே உலுக்கிக்கொண்டிருந்த நேரம். அந்த டிசம்பரில் உப்பு வரியை மணங்குக்கு (இங்கே ஒரு மணங்குன்னா சுமார் 37 கிலோ) 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தினார்கள். வடக்கே வரி அதிகம், தெற்கே குறைவு, நாடு முழுக்க ஒரே அளவுக்குக் கொண்டுவரணும் என்பது அன்றைய நிதிப் பொறுப்பில் இருந்த ஜான் ஸ்ட்ரேச்சியோட வாதம். காகிதத்தில் அது நேர்த்தியான சீர்திருத்தம். ஆனா அதே பஞ்சத்தில் நிவாரணக் கூலிக்குப் பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டின குடும்பத்துக்கு அதோட அர்த்தம் வேற. கஞ்சியைத் தண்ணியாக்கலாம். உப்பை விட முடியாது. மாற்றுப் பொருளும் கிடையாது. விலகிப்போக வழியே இல்லாதவங்க மேல வரி முழுசா இறங்கினது.

இதை மனசில் வச்சுக்கோங்க. வரிச் சட்டத்தில் யார் பெயர் இருக்குங்கிறது ஒரு கேள்வி. யாரால நழுவ முடியலங்கிறது இன்னொரு கேள்வி. பாரம் யார் மேலன்னு சொல்றது ரெண்டாவது கேள்விதான்.

இப்போ 70 வருஷம் தாண்டி 1947க்கு வருவோம். பிப்ரவரி 28. இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் பட்ஜெட் தாக்கல் செய்கிறார். ஒரே உரையில் ரெண்டு அறிவிப்பு. ஒன்று, உப்பு வரி ஒழிப்பு. இன்னொன்று, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொழில் லாபத்துக்கு 25 சதவீத வரி. அதாவது நழுவ முடியாத ஏழை தோளிலிருந்து எடுத்து, போர்க்காலத்தில் நல்லா சம்பாதித்த தொழிலதிபர் தோளில் வைக்கிற முயற்சி. தொழிலதிபர்கள் கடுமையா எதிர்த்தாங்க. கடைசியில் சட்டமானபோது 25 சதவீதம் 16⅔ ஆகிவிட்டது. நாலில் ஒரு பங்கு ஆறில் ஒரு பங்கானது.

எனக்கு இந்த இடம்தான் சுவாரஸ்யம். லாப வரியை அப்படியே விலையில் ஏத்திட முடியும்னா, எதுக்கு இவ்வளவு சண்டை? வரி வந்தா வரட்டும்னு விட்டிருக்கலாமே. ஏன் அது அவ்வளவு சுலபம் இல்லைன்னு ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம்.

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட். ஒரு ராத்திரிக்கு 5,000 ரூபாய். 6,000 கேட்டா பாதி அறை காலி, 4,000 கேட்டா கையில் நிற்காது. அதிக லாபம் தர்ற விலை 5,000னு ஓனர் கண்டுபிடிச்சு வச்சிருக்கார். இப்போ லாபத்தில் கால் பங்கு வரி. விலையை ஏத்துவாரா? ஏத்தினா லாபமே குறையும், குறைஞ்ச லாபத்தில் முக்கால் பங்குதான் மிஞ்சும். 6,000க்கு ஆள் வருவாங்கன்னா வரிக்கு முன்னாடியே 6,000 வாங்கியிருப்பாரே! பக்கத்து லாட்ஜ் நஷ்டத்தில் ஓடினா அவருக்கு இந்த வரியே கிடையாது, அவர் விலையை ஏத்தவும் காரணம் இல்லை. உப்பு வரி அப்படி இல்லை. அது ஒவ்வொரு மணங்கு மேலயும் விழுந்தது, லாபமோ நஷ்டமோ.

ஆனா கதை அங்கேயே முடியாது. அடுத்த வருஷம் அந்த ஓனர் புதுசா 20 அறை கட்டலாமான்னு யோசிப்பார். வரிக்குப் பிறகு கட்டுப்படியாகலைன்னா பணத்தை வேற எங்கேயாவது போடுவார். அறை குறைவு, வேலை குறைவு, மெதுவா விலையும் கொஞ்சம் ஏறும். லாப வரி நம்மகிட்ட வந்து சேர்ற வழி இதுதான்: சுத்து வழி, மெதுவான வழி.

பொருளாதார ஆய்வுகளும் இதையேதான் துருவுகின்றன. 1962இல் ஆர்னால்ட் ஹார்பெர்கர், மூலதனம் நாட்டை விட்டு ஓட முடியாத நிலையில் பாரம் பெரும்பாலும் முதலீட்டாளர் மேலதான் என்று காட்டினார். மூலதனம் பறக்க முடிந்தால்? நகர முடியாத தொழிலாளி மேலயும் நிலத்து மேலயும் இறங்கும். 2016இல் சுவாரஸ் செராட்டோ, ஸிடார் இருவரும் அமெரிக்க மாநிலங்களைப் பார்த்து ஒரு மதிப்பீடு தந்தார்கள்: நிறுவன உரிமையாளர்களுக்குச் சுமார் 40 சதவீதம், தொழிலாளர்களுக்கு 30 முதல் 35, நில உரிமையாளர்களுக்கு 25 முதல் 30. ஜெர்மனியைப் பற்றிய 2018 ஆய்வு ஒன்று பாதி சம்பளத்தில் விழுவதாகச் சொன்னது. கடை விலையிலும் ஒரு பங்கு ஏறுவதாகச் சொல்கிற ஆய்வும் உண்டு. முழுசும் நுகர்வோர்தான் என்பது இவற்றில் எதோட முடிவும் இல்லை.

நிலம்னு சொன்னதும் நம்ம ஊர் ஆட்களுக்குப் பொறி தட்டியிருக்கும். மகிந்திரா வேர்ல்டு சிட்டி மாதிரியான சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் புதுசா வந்த நிறுவனங்களுக்கு ஏற்றுமதி லாபத்தில் முதல் 5 வருஷம் வருமான வரி விலக்கு, அடுத்த 5 வருஷம் பாதி விலக்குன்னு ஒரு சலுகை இருந்தது. நான் பிழைக்கிற சாஃப்ட்வேர் துறை இந்தச் சலுகையில் வளர்ந்ததுதான். அந்த மென்பொருளை வாங்கினது வெளிநாட்டு வாடிக்கையாளர். செங்கல்பட்டு காய்கறிக் கடையில் எந்த விலையும் அதனால் குறையலை. பங்குதாரருக்குப் போனது, எங்க சம்பளத்துக்குக் கொஞ்சம் வந்தது, ஓ.எம்.ஆர். ஓரம் மனை வச்சிருந்தவங்களுக்கு நல்லாவே போனது. அங்கே வாடகைக்கு இருந்த சமையல்காரருக்கும் செக்யூரிட்டிக்கும் கிடைச்சது வாடகை உயர்வு.

2019 செப்டம்பர் 20இல் ஒன்றிய அரசு கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது. மற்ற சலுகைகளை விட்டுக்கொடுத்தால் இந்த விகிதம். புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு அப்போது 15 என்று வைத்தது. வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று அரசே மதிப்பிட்டது. ஜிஎஸ்டி (ரோடு இல்லைங்க, வரி!) குறைந்தால் அதை விலையில் குறைத்தே ஆகணும் என்று அந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனி வரிக் குறைப்புக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. 2020க்கும் 2023க்கும் இடையில் 33,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் வரிக்கு முந்தைய லாபம் ஏறக்குறைய நாலு மடங்கானது, ஆள் எடுப்பதும் சம்பளமும் அதற்கு ஈடாக வளரவில்லை என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை எழுதியது. கொரோனா உட்பட அதுக்குப் பல காரணம் இருக்கு. ஆனா வரியைக் குறைச்சா பணம் தானா நம்ம பக்கம் வழியும் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

அடுத்த பட்ஜெட் நாளில் யாராவது "இது மக்கள் தலையிலதான்"னோ "இது மக்களுக்குத்தான்"னோ சொன்னா, எந்த வழியா வரும்னு ஒரு கேள்வி கேளுங்க. விலை வழியாவா, சம்பளம் வழியாவா, நிலம் வழியாவா? அங்கே நழுவ முடியாம நிக்கிறது யாரு?

கோவளம், செய்யூர் உப்பளங்களில் வேலை பார்த்த குடும்பங்களிலிருந்து யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, எங்களுக்கு எழுதுங்க. அந்தக் கதைகளோட இன்னொரு எபிசோட் பண்ண ஆசை.