யாழ்ப்பாணத்துக் கிணற்றடித் தோட்டம்

வரலாறு என்றால் அரசர்களின் வரலாறு என்றே பலர் கருதுவர். கோட்டைகளும் போர்களும் ஏடுகளில் இடம்பெறுகின்றன. கிணற்றடியில் வளர்ந்த கீரைப் பாத்தியை எவரும் குறித்து வைப்பதில்லை. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதையை, வீட்டு வளவில் நின்ற முருங்கையையும் வாழையையும் கீரையையும் ஒதுக்கிவிட்டு முழுமையாகச் சொல்லிவிட முடியாது. கப்பல் வராத காலத்திலும் பாதை திறவாத காலத்திலும் இம்மக்களின் உலையைக் காத்து நின்றது அச்சிறு தோட்டமேயாகும்.

குடாநாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். அங்கே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரி காலத்தில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்குகின்றது. அந்நன்னீர், கீழேயுள்ள உவர் நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கின்றது. அளவறிந்து இறைத்தால் ஆண்டு முழுவதும் உதவும். அளவு மீறி இறைத்தால் உவர் மேலெழுந்து கிணற்றைக் கெடுத்துவிடும். இக்காரணத்தால் யாழ்ப்பாணத்தவருக்கு நீர் என்பது எண்ணிச் செலவிட வேண்டிய செல்வமாயிற்று.

அச்சிக்கனத்தின் விளைவே கிணற்றடித் தோட்டம். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வீணே ஓடி மறைவதில்லை. சிறு வாய்க்கால் வழியே சென்று முதலில் வாழைக்கும், பின்னர் கத்தரிக்கும் மிளகாய்க்கும் கீரைப் பாத்திக்கும் பாய்ந்தது. ஈரம் தங்கிய மூலையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படர்ந்தன. வேலியும் தோட்டத்தின் ஓர் உறுப்பே. பூவரசும் கிளுவையும் முருங்கையும் கதிகால்களாக நின்றன. அவற்றின் குழை ஆட்டுக்குத் தீனியாகவும் மண்ணுக்குப் பசளையாகவும் பயன்பட்டது. வேலியிற் படர்ந்த முசுட்டையும் குறிஞ்சாவும் தூதுவளையும் முடக்கொத்தானும் அடுப்படிக்கு வந்து வறையாகவும் இலைக்கஞ்சியாகவும் மாறின. நிலமற்றவருங்கூட ஒரு முருங்கைக் கதிகாலை நாட்டி நாளாந்தக் கறிக்கு வழி தேடிக்கொள்ளலாம் என்பது இவ்வமைப்பின் சிறப்பு.

பெரிய தோட்டங்களுக்குத் துலா இறைப்பே வழக்கமாயிருந்தது. துலாவின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றருகே நின்றவர் பனையோலைப் பட்டையில் வந்த நீரை வாய்க்காலில் ஊற்றினார். ஒரு கிணற்றைப் பலர் பங்கிட்டனர். காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பெற்றன. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையும் தோட்டங்களைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் விதி கூறுகின்றது. மண்ணும் நீரும் அருமையான நாட்டில் அவை வழக்குக்கும் வழமைக்கும் உரிய பொருளாதல் இயல்பே அன்றோ?

இத்தோட்டம் பழமையை மட்டும் பேணி நின்றதன்று, புதியவற்றையும் ஏற்றது. 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658 ஆம் ஆண்டில் அவர்களை அகற்றிய ஒல்லாந்தரும், 1795 ஆம் ஆண்டில் வந்த ஆங்கிலேயரும் கடல்வழி வாணிகத்தில் ஈடுபட்டவர்கள். அத்தகைய வாணிகத்தின் வழியே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் ஆசியாவெங்கும் பரவின. இன்று யாழ்ப்பாணக் கறியின் உயிராக விளங்கும் மிளகாயும், தக்காளியும், பப்பாசியும் அவ்வாறு வந்தவையே. மரவள்ளி 1786 ஆம் ஆண்டில் ஒல்லாந்த தேசாதிபதி வன் டெர் கிராவ் காலத்தில் மொரீசியசிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது.

வந்தவை யாவும் நிலைத்துவிடவில்லை. ஐரோப்பியர் பச்சையாக உண்ணும் சலாது இலையும், அதன் உறவாகிய சுருள் எண்டைவும் குளிரை விரும்புவன. மத்தியதரைக் கடற்பகுதிக்குரிய எண்டைவ், வெப்பம் மிகுந்தால் இலை பெருக்காது தண்டு நீட்டிப் பூத்துவிடும். இலையின் கசப்பும் ஏறிவிடும். இலங்கையில் அத்தகைய கீரைகளுக்கு உகந்த இடம் நுவரெலியா போன்ற மலைப்பகுதியே. குடாநாட்டில் அதனைப் பயிரிட விரும்புவோர் கார்த்திகையில் நாற்றிட்டு, மார்கழி, தை மாதங்களின் தண்மைக்குள், அரை நிழலில் வளர்த்தெடுத்தல் வேண்டும். கசப்புக் கீரையை நாடுவோருக்கு, கோடையிலும் தாக்குப்பிடிக்கும் குறிஞ்சா வேலியிலேயே உண்டு. மண்ணோடும் பருவத்தோடும் ஒத்துப்போவதே நிலைக்கும் என்பது தோட்டம் கற்பித்த பாடம்.

தோட்டத்தின் அருமையைப் பஞ்சகாலங்களே உலகுக்கு உணர்த்தின. 1942 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கு அவ்வரவு நின்றது. ஏப்பிரல் 5 ஆம் நாள் கொழும்பிலே குண்டு வீழ்ந்தது. பங்கீட்டு அரிசி போதாத வீடுகளில் மரவள்ளியும் ஒடியலும் இலைக்கறியும் சோற்றின் குறையை ஓரளவு நிரப்பின.

எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. இயந்திர இறைப்பும் இரசாயன உரமும் பெருகின. காசுப் பயிர் காணிகளை நிறைத்தது. 1977 ஆம் ஆண்டில் இறக்குமதி திறக்கப்பட்டதும் விலை வீழ்ந்து கமக்காரர் இடர்ப்பட்டனர். சந்தையை நம்பிய தோட்டம் சந்தையோடு ஆடியது. வீட்டை நம்பிய கீரைப் பாத்தியோ வழமைபோல் இலை தந்தது.

1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருளும் உரமும் உள்ளிட்ட பல பொருள்கள் தடைசெய்யப்பட்டன, மின்சாரமும் இல்லாதொழிந்தது. கைமறந்த கப்பியும் கயிறும் குப்பை எருவும் அப்பொழுது மீண்டும் பெருமதிப்புப் பெற்றன. 1995 ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில் வலிகாம மக்கள் இடம்பெயர்ந்தபோது, வளவுகள் ஆளற்றுக் கிடந்தன. பின்னர் திரும்பியோர் பலருக்கு, இடிந்த வீட்டைக் கட்டுமுன் கிணற்றைத் துப்புரவாக்குவதே முதல் வேலையாயிற்று.

2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டதாலும், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியாலும் நாடு முழுவதும் உணவைப் பற்றிய அச்சம் எழுந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க அரசாங்கம் தீர்மானித்தது. யாழ்ப்பாணத்து முதியோர் அறிந்திருந்த உண்மை அரச ஆணையாக வெளிவந்தது எனலாம்.

எனினும் இன்று ஆபத்து வேறொரு திசையிலிருந்து வந்துள்ளது. பல ஆண்டுகளாக அளவுக்கு மிஞ்சியிட்ட உரமும், நெருங்கிய குடியிருப்புகளின் மலக்குழிகளும் சேர்ந்து நிலத்தடி நீரில் நைத்திரேற்றை ஏற்றியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்துள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அந்நீர் தீங்கானது. சுண்ணக்கல் வெடிப்பினூடே இறங்குவது மழைநீர் மட்டுமன்று. மேலே இட்ட யாவும் கீழே சேரும்.

பஞ்சம் வந்தபோதெல்லாம் தோட்டம் மக்களைக் காத்தது. தோட்டத்தைக் காத்தது கிணறு. அக்கிணற்றைக் காக்கும் பொறுப்பு இப்பொழுது மக்களைச் சார்ந்தது. குழையும் எருவும் இட்டு, உரத்தை அளந்து, மழைநீரை வளவிலே தேக்கி, ஒரு பாத்திக் கீரையேனும் வளர்க்கும் வீடு, தன் கறிச்சட்டிக்கு மட்டுமன்றி அயலவரின் குடிநீருக்கும் நன்மை செய்கின்றது. நிலத்தின் கீழே நீர் ஒன்றே. அதற்கு வேலி இல்லை.