மலையகத் தமிழரும் டிஜிட்டல் ஊடகமும்

மலையக டிஜிட்டல் ஊடகம் என்பது இலங்கையின் மலைநாட்டிலுள்ள திம்புள்ள, ஹட்டன், நுவரெலியா முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டச் சமூகத்தினர், கைத்தொலைபேசியில் இயங்கும் முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் ஆகியவற்றின் வழியாகத் தம் அடையாளத்தையும் கோரிக்கைகளையும் பொதுவெளியில் முன்வைக்கும் தொடர்பாடல் முறையாகும்.

முன்பு தோட்டங்களில், தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு, அதாவது காலையில் வேலை பகிரப்படும் இடத்துக்கு, அழைத்த தப்பொலியும், தோட்டத்துரையின் உத்தரவைக் கங்காணி எனப்பட்ட மேற்பார்வையாளர் வாய்மொழியாகக் கொண்டுவந்த வழக்கமும் மேலிருந்து கீழே இறங்கிய தொடர்பாடலாகவே இருந்தன; 1920களில் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் நடத்திய 'தேசபக்தன்' இதழ் அந்தத் திசையை அச்சில் மாற்ற முனைந்தது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்ட இச்சமூகத்தில், தம்மைத் தாமே அடையாளப்படுத்துவது அரசியல் உரிமையோடு பிணைந்தது. பின்னர் இவ்வுரிமைக் குரல் டிஜிட்டல் ஊடகத்தின் வழியாகவும் எழுந்தது: 2018 ஒக்டோபர் 24 அன்று, சமூக ஊடக அழைப்பை ஏற்றுக் கறுப்புடை அணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் திரண்ட மலையக இளைஞர், தோட்டத் தொழிலாளருக்கு நாளாந்த அடிப்படைச் சம்பளமாக 1000 ரூபாய் கோரினர். நெடுங்காலமாகத் தொழிற்சங்கத் தலைமைகளின் வழியாகவே பேசப்பட்ட சம்பளக் கோரிக்கையை, தோட்டங்களை விட்டு நகரங்களில் பணிபுரியும் தலைமுறை தானே தலைநகரில் எழுப்பியதே இந்நிகழ்வின் முதன்மையான சிறப்பாகும்.

எனினும் இவ்வூடகத்தின் பயன் சீராகப் பரவவில்லை. 2020இல் கொவிட் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தொலைபேசிச் சமிக்ஞை எட்டாத லயன் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளிலும் ஒரே தொலைபேசியைப் பகிர்ந்த குடும்பங்களிலும் வாழ்ந்த மாணவர் இணையவழிக் கல்வியில் பின்தங்கினர்.